கொடிய பாலடின் பழிவாங்கும் சபதத்தை மீறுவது எப்போது?

பகடைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை, ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைக் கொண்டு, நான்கு பேருக்கு டி.எம். (கதையைச் சொல்லி நடத்துபவர்) ஆக நடத்தி வருகிறேன். அவர்களில் ஒருவர் கொற்றன் என்னும் பாலடினை, அதாவது புனிதச் சபதத்தால் ஆற்றல் பெறும் போர்வீரனை, ஆடுகிறார். அவன் இப்போது ஆறாம் நிலையில் இருக்கிறான். அலைன்மென்ட், அதாவது அறச்சார்பு, லாஃபுல் ஈவில்: ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவன். மூன்றாம் நிலையில் எடுத்துக்கொண்டது ஓத் ஆஃப் வெஞ்சன்ஸ், அதாவது பழிவாங்கும் சபதம். தன் குலத்தின் கோட்டையைத் தீக்கிரையாக்கிய சாம்பல் தளபதியையும் அவனுடைய படையையும் வேரோடு அழிப்பேன் என்பதே அவன் சூளுரை. கதைக்குப் பொருத்தமாக இருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன்.

சிக்கல் சென்ற அமர்வில் வந்தது. தளபதியின் ஒற்றன் ஒருவனைக் குழு பிடித்தது. மீசை முளைக்காத பையன் என்றுதான் அவனை வர்ணித்திருந்தேன். அவன் வில்லைத் தரையில் போட்டுவிட்டு மண்டியிட்டான். "படை எந்தக் கணவாய் வழியாகப் போகிறது என்று சொல், உயிரோடு போகலாம்" என்று கொற்றன் வாக்குக் கொடுத்தான். பையன் ஈர மண்ணில் விரலால் வழியை வரைந்து காட்டினான். கொற்றன் குனிந்து பார்த்தான், மனத்தில் பதித்துக்கொண்டான், காலால் அந்தக் கோடுகளை அழித்தான், பிறகு வாளை உருவினான். மேசையில் ஒருவரும் பேசவில்லை. கிளெரிக்கை, அதாவது தெய்வ ஆற்றல் கொண்ட பூசாரியை, ஆடுபவர் கையிலிருந்த பகடையை வைத்துவிட்டு எழுந்து போனார். வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினார். அதன்பின் அமர்வு ஏனோதானோவென்று ஓடியது. படை எரித்துவிட்டுப் போன ஆற்றுமுனை என்னும் ஊரைக் கடந்தார்கள். கிணற்றின்மேல் விழுந்து கிடந்த உத்தரத்தை ஒரு கிழவி தனியாக நகர்த்த முயன்றுகொண்டிருந்தாள். நேரமில்லை என்று கொற்றன் குதிரையை நிறுத்தாமலே போனான். கணவாயின் அடிவாரத்தில் அவர்கள் இரவு தங்கியதோடு அன்றைய ஆட்டத்தை முடித்துக்கொண்டோம்.

சரணடைந்த ஒற்றனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கொன்றதால் கொற்றன் சபதத்தை மீறியவன் ஆகிறானா? மீறியவன் என்றால் அவனை ஓத்பிரேக்கராக, அதாவது சபதம் முறித்த பாலடினுக்குரிய இருண்ட வகையாக, மாற்றிவிடுவதுதான் முறையா? கிளெரிக்கை ஆடுபவரோ, தீய பாலடின் என்பதே முரண்பாடு, அதை அனுமதித்ததுதான் தவறு என்கிறார். அடுத்த அமர்வுக்கு முன் ஒரு தெளிவு வேண்டும்.

பழைய ஏடு எழுதியது:

உங்கள் கிளெரிக் நண்பரின் கோபத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1975-இல் கிரேஹாக் துணைநூலில் பாலடின் அறிமுகமானபோதே அவன் லாஃபுல் சார்பை விட்டு விலகக் கூடாது என்ற கட்டு இருந்தது. 1978-இன் அட்வான்ஸ்டு விதிகள் அதை இன்னும் இறுக்கின. பாலடின் அறிந்தே ஒழுங்கு மீறிய செயலைச் செய்தால், ஏழாம் நிலைக்குக் குறையாத லாஃபுல் குட் கிளெரிக் ஒருவரிடம் போய்ச் சொல்லிப் பரிகாரம் தேட வேண்டும். அறிந்தே ஒரு தீச்செயலைச் செய்தாலோ பாலடின் என்ற நிலை அந்தக் கணமே போய்விடும், திரும்ப வராது. அந்த விதிகளின் கீழ் உங்கள் ஒற்றனின் மரணத்தைப் பற்றி விவாதிக்க ஒன்றுமே இருந்திருக்காது. கொற்றன் அன்றே தெய்வ ஆற்றல் இல்லாத வெறும் ஃபைட்டர் ஆகியிருப்பான்.

ஆனால் அந்தக் கட்டுக்குள் அடங்காத ஆசையும் அதே அளவு பழையதுதான். 1980-இலேயே டிராகன் இதழின் 39-ஆம் எண்ணில் 'ஆன்டி-பாலடின்' வந்துவிட்டான். அவனை வீரர்கள் ஆட வேண்டாம், டி.எம். கையில் எதிரியாக இருக்கட்டும் என்று வைத்திருந்தார்கள். 2000-இல் மூன்றாம் பதிப்பு பிளாக்கார்ட் என்னும் தீய வீரனைத் தந்தது. 2004-இன் அன்எர்த்டு ஆர்கானா துணைநூலில் கொடுங்கோன்மையின் பாலடின், படுகொலையின் பாலடின் என்று வெளிப்படையாகவே வகைகள் வந்தன. 2008-இன் நான்காம் பதிப்பில் பாலடினின் சார்பு அவன் வணங்கும் தெய்வத்தின் சார்போடு ஒத்திருந்தால் போதும் என்றானது. ஐந்தாம் பதிப்பு அந்தத் தளையையும் கழற்றிவிட்டு, அலைன்மென்ட் இருந்த இடத்தில் சபதத்தை வைத்தது.

ஆகவே நீங்கள் செய்தது தவறல்ல. ஆனால் அவன் செய்தது தீச்செயலா என்ற கேள்வியை இந்தப் பதிப்பில் கேட்பதால் பயனில்லை. தீயவன் என்று பாத்திரத் தாளிலேயே எழுதியிருக்கிறது. அவன் எடுத்த சபதம் என்ன சொல்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

வரிக்குவரி எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். விதிநூலைப் புரட்டியே பார்ப்போம். 2014 நூலில் பழிவாங்கும் சபதத்துக்கு நான்கு நெறிகள் உள்ளன. என் சொற்களில் தருகிறேன். பெரிய தீமைக்கும் சிறிய தீமைக்கும் நடுவே தேர்வு வந்தால் பெரியதோடு போரிடு. சாதாரணப் பகைவர் உன் இரக்கத்தைப் பெறலாம், சூளுரைத்த பகைவருக்கு அது கிடையாது. பகையை ஒழிப்பதில் உன் மனத்தடைகள் குறுக்கே நிற்கக் கூடாது. இந்த மூன்றையும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான்காவதை யாரும் சொல்வதில்லை. என் பகைவர் உலகில் நாசம் விளைவித்தால் அது நான் அவர்களைத் தடுக்கத் தவறியதன் விளைவு. ஆகவே அவர்களால் கேடுற்றவர்களுக்கு நான் உதவியே ஆக வேண்டும். ஈடுசெய்தல் என்னும் நெறி அது.

இப்போது ஒற்றனை எடுத்துக்கொள்வோம். கொற்றனின் சூளுரை தளபதியோடு நிற்கவில்லை. படையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பையன் சூளுரைத்த பகைவருள் ஒருவன், இரண்டாம் நெறிப்படி அவனுக்கு இரக்கம் இல்லை. பொய் வாக்கு? பொய் சொல்லாதே, வஞ்சிக்காதே என்னும் கட்டளை ஓத் ஆஃப் டிவோஷன் என்னும் வேறொரு சபதத்தில் இருக்கிறது. இந்தச் சபதத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. செயல் அருவருப்பானது, ஐயமில்லை. ஆனால் சபத மீறல் அல்ல.

மீறல் நடந்தது கிணற்றடியில். நீங்கள் அதை 'ஏனோதானோவென்று ஓடிய' பகுதியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எரித்தது யார்? சூளுரைத்த பகைவரின் படை. எரிந்தது ஏன்? சபதத்தின் கணக்குப்படி, கொற்றன் இன்னும் தளபதியைக் கொல்லாததால். கிழவியின் கிணற்றின்மேல் கிடக்கும் உத்தரம் அவன் பட்ட கடன். அதைத் தாண்டிக் குதிரையை விட்டபோது உங்கள் மேசையில் யாரும் பகடையை வைத்துவிட்டு எழுந்து போகவில்லை, நீங்கள் உட்பட. இரத்தம் தெறித்தால்தான் அறக்கேள்வி என்று நாம் பழகிவிட்டோம்.

படையைத் துரத்துவது பெரிய தீமை, கிணறு சிறியது என்று உங்கள் வீரர் வாதிடலாம். முதல் நெறி எந்தத் தீமையோடு போரிடுவது என்பதைப் பற்றியது. யாருக்கு உதவுவது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதோடு, நீங்கள் சொன்னபடி அன்றிரவு அவர்கள் அடிவாரத்தில் தங்கியும் இருக்கிறார்கள். உத்தரத்தை நகர்த்த எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈடுசெய்யும் நெறியைக் கடைப்பிடிக்க மனத்தில் ஈரம் வேண்டும் என்பதில்லை. கொற்றன் குதிரையிலிருந்து இறங்குகிறான். கிழவியின் முகத்தைப் பார்ப்பதில்லை. உத்தரத்தைத் தோளால் தள்ளிவிட்டு, "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்கிறான். அவள் "பதினொன்று" என்கிறாள். கேடயத்தின் தோல்வாரில் கத்தியால் பதினொரு கீறல் போடுகிறான். நன்றி சொல்ல வந்தவளைக் கையமர்த்திவிட்டுக் குதிரை ஏறுகிறான். இதில் கருணை எள்ளளவும் இல்லை. தளபதியிடம் வசூலிக்க வேண்டிய கணக்கில் பதினொன்று ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இவனும் கொடியவன்தான், ஆனால் சபதத்துக்குக் கட்டுப்பட்ட கொடியவன். உங்கள் வீரர் ஆட வேண்டியது இவனைத்தான் என்று எனக்குப் படுகிறது.

வாள்முனை எழுதியது:

வரிக்குவரி அவர்களின் கிணற்று வாதத்தை மறுக்க வழியில்லை. ஒற்றன் விஷயத்தில் மட்டும் அவர் கொற்றனை எளிதாக விட்டுவிட்டார் என்பது என் கருத்து.

படை முழுவதையும் சூளுரைத்த பகை என்று வைத்துக்கொண்டால் சபதத்துக்கு எல்லையே இல்லாமல் போகிறது. நாளைக்குப் படைக்கு மாவரைத்துக் கொடுத்தவனும் பகைவன், படையின் குதிரைக்கு லாடம் அடித்தவனும் பகைவன் என்றாகும். விதியின் பொறியமைப்பையே பாருங்கள். சேனல் டிவினிட்டி என்னும் தெய்வ ஆற்றலைச் செலவிட்டு இவர்கள் செய்யும் வவ் ஆஃப் என்மிட்டி, அதாவது பகைச் சூள், 2014 விதிகளில் பத்து அடிக்குள் கண்ணில் படும் ஒரே ஓர் உயிரின்மேல்தான் செல்லும். ஒரு நிமிடம் வரை, அல்லது அந்த உயிர் வீழும் வரை, அதைத் தாக்கும்போது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அவன் வீழ்ந்ததும் சூள் முடிந்துவிடும். இந்த வகைப் பாலடினின் பகை கூர்மையானது, ஆளைப் பார்த்துப் பாய்வது என்பதைத்தான் அது காட்டுகிறது. 2024 திருத்தத்தில் தூரத்தை முப்பது அடியாக்கி, இலக்கு வீழ்ந்தால் சூளை அடுத்தவன்மேல் மாற்றிக்கொள்ளலாம் என்று செய்துவிட்டார்கள். ஆடுவதற்கு வசதி, ஆனால் பகை ஆள்விட்டு ஆள் தாவத் தொடங்கிவிட்டது என்ற குறை எனக்கு உண்டு.

என்னைக் கேட்டால் தவறு ஒற்றனைக் கொன்ற அன்று தொடங்கவில்லை, மூன்றாம் நிலையில் சபதத்தை வாய்போன போக்கில் எடுத்த அன்றே தொடங்கிவிட்டது. நம் மொழியில் இதற்கு வஞ்சினம் என்று அழகான சொல் இருக்கிறது. புறநானூற்றின் 72-ஆம் பாட்டில் நெடுஞ்செழியன் பகைவரை வெல்வேன் என்பதோடு நிறுத்தவில்லை. வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று பழி தூற்றட்டும், புலவர்கள் என் நிலத்தைப் பாடாமல் விடட்டும், இரப்போர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்று தன் தலையில் தானே தண்டனையை ஏற்றிக்கொள்கிறான். பகைவனை என்ன செய்வேன் என்பதைவிடத் தவறினால் எனக்கு என்ன ஆகும் என்பதில்தான் அந்தப் பாட்டு நீளுகிறது. நம் மேசைகளில் எடுக்கப்படும் பழிச்சபதங்களில் இந்தப் பின்பாதியைக் காணோம். முன்பாதி மட்டும் இருந்தால், எதையும் செய்துகொள்ள வாங்கிய அனுமதிச் சீட்டாகத்தான் அது மாறும்.

ஆகவே அடுத்த அமர்வுக்கு முன் உங்கள் வீரரோடு அமர்ந்து அந்தப் பின்பாதியை எழுதச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, "நான் பட்ட கடனைத் தீர்க்காமல் கடந்து போனால் என் குலத்தின் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லாமல் போகட்டும்." பிறகு ஆட்டத்தில் யாராவது "நீ எந்தக் குலம்?" என்று கேட்கும்போது அவனால் வாய் திறக்க முடியாது. உயிர்ப்புள்ளியைக் குறைப்பதைவிட அது அவனை வாட்டும். அகங்காரம்தான் அவனுடைய எலும்பு. அடி அங்கேதான் பட வேண்டும்.

ஒருவேளை அவருக்கு உண்மையில் வேண்டியது பழியல்ல, எதிர்த்தவரை நடுங்கவைத்து ஆள்வதுதான் என்றால், சபதத்தையே தவறாகத் தேர்ந்துவிட்டார் என்று பொருள். 2017-இல் வந்த ஸனாதார்ஸ் கைடு என்னும் துணைநூலில் ஓத் ஆஃப் கான்க்வெஸ்ட், அதாவது அடக்கி வெல்லும் சபதம், இருக்கிறது. எதிரியின் நம்பிக்கைச் சுடரை அணை, இரும்புக் கையால் ஆள், வலிமையே எல்லாவற்றுக்கும் மேல் என்று அதன் நெறிகள் ஒளிவுமறைவில்லாமல் பேசுகின்றன. மண்டியிட்ட ஒற்றன் காட்சி அந்த ஆளுக்குத்தான் பொருந்தும்.

நாலாம் நாற்காலி எழுதியது:

ஓத்பிரேக்கர் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டதால் எழுதுகிறேன். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 2014 டன்ஜியன் மாஸ்டர்ஸ் கைடில் ஓத்பிரேக்கர் என்பவன் ஏதோ ஓர் இருண்ட ஆசைக்காகவோ தீய சக்திக்கு ஊழியம் செய்யவோ சபதத்தை முறித்தவன். தீயவனாகவும் குறைந்தது மூன்றாம் நிலையிலும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கொற்றன் இரண்டுக்கும் பொருந்துவான்தான். ஆனால் கிணற்றைக் கடந்து போனவன் இருண்ட சக்தி எதற்கும் அடிமைப்படவில்லை, அலட்சியமாக இருந்தான். அலட்சியத்துக்கு இறந்தோரை ஆட்டிவைக்கும் ஆற்றலைப் பரிசாகக் கொடுப்பீர்களா? ஏழாம் நிலையில் ஓத்பிரேக்கருக்கு வரும் ஆரா ஆஃப் ஹேட் அவனுக்கும், அருகிலுள்ள நரகப் பிறவிகளுக்கும் நடமாடும் பிணங்களுக்கும் கைப்போரில் கூடுதல் சேதம் தருகிறது. அந்தப் பிணங்கள் எதிரியின் பக்கம் நின்றாலும் பயன் அவற்றுக்கும் உண்டு. எங்கள் குழுவில் ஒருமுறை இதை மறந்து நான்கு பேரும் ஒரு கல்லறையில் விழுந்துகிடந்தோம். உங்கள் கிளெரிக் ஏற்கெனவே மனத்தாங்கலில் இருக்கிறார். அந்த வேதனை வேறு வேண்டாம்.

ஆடுவோருக்கான விதிநூலாகிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலேயே இதைவிட மென்மையான வழி உண்டு. சபதத்தில் தவறியவர் தம் நம்பிக்கையைச் சேர்ந்த கிளெரிக்கிடமோ அதே மரபின் இன்னொரு பாலடினிடமோ மன்னிப்பு நாடலாம்; இரவு முழுதும் விழித்திருந்து வேண்டலாம்; நோன்பு இருக்கலாம். மனம் வருந்தாமல் வேண்டுமென்றே மீறிக்கொண்டே போகிறவருக்குத்தான் பாலடின் வகுப்பையே விடுவதும் ஓத்பிரேக்கர் ஆவதும்.

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அதில் சபதம் முறிந்த உடனே சக்திகள் போய், முகாமில் ஓத்பிரேக்கர் வீரன் வந்து நிற்பான்; 1000 தங்கக்காசு கொடுத்தால் பழைய சபதம் திரும்பும். கணினிக்கு வேறு வழியில்லை. ஆம் அல்லது இல்லை என்றுதான் அது முடிவெடுக்க முடியும். உங்களுக்கு வாய் இருக்கிறது, பேசலாம். அதே விளையாட்டில் மின்தாரா என்னும் பாத்திரம் பழிவாங்கும் சபதம் பூண்ட பாலடின், நல்லவள் என்று யாரும் அவளைச் சொல்ல மாட்டார்கள். முரண்பாடு என்று சொல்லும் உங்கள் நண்பருக்கு அவளைக் காட்டலாம்.

ஆனால் அவர் எழுந்து போனது விதியைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் என்று நான் நினைக்கவில்லை. மண்டியிட்ட பையனை வெட்டும் காட்சியை அவர் பார்க்க விரும்பவில்லை. அது பாலடின் பற்றிய வழக்கு அல்ல, ஆடும் நான்கு பேரைப் பற்றிய வழக்கு. முதல் அமர்வுக்கு முன்பே எது திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று பேசியிருக்க வேண்டும். இப்போதாவது பேசுங்கள், அதுவும் கொற்றனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால்.

பழைய ஏடு எழுதியது:

நாலாம் நாற்காலி சொன்ன வரிசை சரியானது. முதலில் மனிதர்கள், பிறகு விதிகள். ஒரு சிறு சேர்க்கை: மன்னிப்புக்குச் செல்ல வேண்டிய கிளெரிக் உங்கள் குழுவிலேயே இருக்கிறார் என்பதற்காக அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். இருவரும் வெளியே சமாதானம் ஆகாத நிலையில் ஆட்டத்துக்குள் ஒருவர் மற்றவருக்குப் பாவமன்னிப்பு வழங்குவது விபரீதமாக முடியும்.

பகடைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கிணற்றைப் பற்றிய பதிலைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கிழவியை உருவாக்கியவன் நான். அவளை நானே கவனிக்கவில்லை.

நேற்று முதலில் கிளெரிக் நண்பரிடம் பேசினேன். நாலாம் நாற்காலி ஊகித்தது சரி. விதி ஒரு சாக்குத்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். இனி சிறைப்பட்டவர்களைத் துன்புறுத்தும் காட்சி வந்தால் விவரிக்காமல் திரை போட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மற்ற இருவரும் உடன்பட்டார்கள்.

பிறகு கொற்றனை ஆடுபவரை அழைத்தேன். நான்கு நெறிகளையும் சொல்லச் சொன்னேன். மூன்றைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். நான்காவதைப் படித்துக் காட்டியபோது சற்று நேரம் பேசாமலிருந்து, "இதை மூன்றாம் நிலைக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை" என்றார். ஓத்பிரேக்கர் வேண்டாம் என்று அவரும் சொல்கிறார். வஞ்சினத்தின் பின்பாதியை அவரே எழுதி அனுப்பினார். வாள்முனை தந்த குலப்பெயர் யோசனையை எடுக்கவில்லை. "நான் கடந்து போன ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இரவு நான் தூங்காதிருக்கக் கடவேன்" என்று எழுதியிருக்கிறார். விதிப்படி அது, காயமும் ஆற்றலும் மீளும் நீண்ட ஓய்வு கிடைக்காத இரவு என்று பொருள் கொள்ளலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஒற்றன் விஷயத்தில் வரிக்குவரியும் வாள்முனையும் ஒத்துப்போகாததால் நானும் தீர்ப்புச் சொல்லவில்லை. பையனின் வில்லைக் கொற்றன் எடுத்துத் தன் சேணத்தில் கட்டிவைத்திருக்கிறான் என்று என் குறிப்பில் இருக்கிறது; ஏன் எடுத்தான் என்று அன்று நான் கேட்கவில்லை. அடுத்த அமர்வு கணவாயில் தொடங்காது. அடிவாரத்தில், விடிவதற்கு இரண்டு நாழிகை இருக்கும்போது, மூவர் தூங்க ஒருவன் மட்டும் விழித்திருக்கத் தொடங்கும். ஆற்றுமுனை அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. திரும்பிப் போவானா என்பது அவர் கையில்.